உலர்வதும் இறுகுவதும்

மின்கிதாரின் உடலானது, வீணையின் குடத்தையோ வயலினின் பெட்டியையோ போல உள்ளே வெற்றிடத்தைத் தாங்கி நாதத்தைப் பெருக்கித் தருகிற உறுப்பன்று. பெரும்பாலான கிதார்களில் அது சுமார் நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள திண்ணிய மரக்கட்டையே. அதன்மேல் இழுத்துக் கட்டிய எஃகுத் தந்திகளின் அதிர்வைக் காந்தச் சுருள்கள் மின்சாரமாக மாற்றிக் கொடுக்க, அதைப் பெருக்கி ஒலியாக்கும் வேலையை வேறொரு பெட்டி மேற்கொள்கிறது. ஆயினும் அந்தக் கட்டையை வெறுமனே விட்டுவிட முடியாது. மரம் வெட்டுண்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. அதற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் கொண்டேயிருக்கும். வாசிப்பவரின் முன்கை நாள்தோறும் உராயும் இடத்தில் வியர்வையின் உப்பும் எண்ணெயும் இழைகளுக்குள் இறங்கி, அழுக்கேறி, நிறம் மங்கும். இவற்றிலிருந்து காப்பதற்கும், மரத்தின் ரேகைகளை எடுத்துக் காட்டுவதற்கோ அடியோடு மறைப்பதற்கோ, அதன்மீது ஒரு மெல்லிய படலம் பூசப்படுகிறது.

பழைய கிதார் ஒன்றின் வர்ணத்தை நீக்கிப் புதிது பூச நினைப்பவர் முதலில் கேட்பது, 'எந்த நிறம்?' என்பதே. நிறத்தின்மீது கொள்ளும் ஆசை இயற்கையானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நிறத்துக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டப்பாவில் திரவமாக இருக்கிற இந்தப் பதார்த்தம் மரத்தின்மேல் எவ்வழியாகத் திடமாகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், பூச்சு எத்தனை கனமாக அமையும், கீறல் விழுந்தால் செப்பனிட இயலுமா, இருபது ஆண்டு கழிந்தபின் என்ன கோலத்தில் நிற்கும், பூசுகிறவரின் சுவாசத்துக்கு எவ்வளவு அபாயம் என்பனவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

மின்கிதார் பிறந்து வளர்ந்த காலத்துப் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதன் சரித்திரம் வெடிமருந்தின் சரித்திரத்தோடு பின்னியது. 1846ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து இரசாயன ஆசிரியர் ஷேன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்துக் கழுவி உலர்த்தினால், பார்வைக்குப் பஞ்சாகவே இருந்துகொண்டு, தீப்பட்ட மாத்திரத்தில் புகையின்றி எரிந்துபோகும் விபரீதப் பொருளொன்று கிடைப்பதை உலகுக்கு அறிவித்தார். அதிலுள்ள நைட்ரஜனின் விகிதத்தைச் சற்றே குறைத்து, சதவிகிதம் பதினொன்று பன்னிரண்டு என்ற அளவில் நிறுத்தினால், அது வெடிக்கும் சுபாவம் தணிந்து, பலவகைக் கரைப்பான்களில் கரையத் தொடங்குகிறது. கற்பூரம் சேர்த்துப் பிசைந்தபோது அதுவே செல்லுலாய்ட் ஆயிற்று. சீப்பும் சினிமாப் பிலிமும் கிதார்த் தந்தியை மீட்டும் சில்லும் அதனால் செய்யப்பட்டன. பூச்சாக உபயோகிப்பதற்கு மட்டும் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. அதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகளாதலால், சிறிதளவு கரைத்தாலும் கரைசல் கொழகொழவென்று கனத்துவிடும். தெளிக்கத்தக்கபடி நீர்க்கச் செய்தாலோ, உலர்ந்தபின் மிஞ்சுகிற படலம் ஒன்றுக்கும் உதவாது. முதல் உலக யுத்தத்தின் பின் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் அந்தச் சங்கிலிகளைக் குறுக்கும் வழியைக் கண்டு, 'டூகோ' என்ற பெயரில் ஒரு லாக்கரை வெளியிட்டார்கள். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அதை முதன்முதல் அணிந்தன. எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் கோட்டின்மேல் கோட்டாகப் பூசி வாரக்கணக்கில் காயவைத்துக்கொண்டிருந்த கார்த் தொழிற்சாலைகளில், வர்ணம் பூசும் வேலை ஓரிரு நாளில் முடியலாயிற்று. நம் நாட்டு மரவேலைப் பட்டறைகளில் இன்றைக்கும் அலமாரிக்கு 'டூகோ அடிப்பது' என்று பேசிக்கொள்கிறார்களே, அது இந்த வரலாற்றின் மிச்சம்.

கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில் லியோ பெண்டர் கிதார்த் தொழிற்சாலை நடத்தியபோது, கடையில் ஆயத்தமாகக் கிடைத்ததும், விரைவில் உலர்வதும், பழுதானால் எளிதில் சரிசெய்யத் தக்கதுமான பூச்சு இதுவே என்பதால் இதைக் கைக்கொண்டார். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில், ஐந்து சதவிகிதம் அதிக விலை கொடுத்தால் டூபாண்டின் கார் வர்ணங்களில் விரும்பியதைப் பூசித் தருவதாக அக்கம்பெனி விளம்பரம் செய்தது. இன்று கிதார்ப் பிரியர்கள் பக்தியோடு உச்சரிக்கும் 'பியெஸ்டா ரெட்' 1956ஆம் ஆண்டு போர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பு. 'லேக் பிளாசிட் ப்ளூ' 1958ஆம் ஆண்டு கேடிலாக்கின் நீலம்.

இந்த லாக்கர் எவ்வாறு திடமாகிறது? ஸ்பிரே கன்னில் ஊற்றுகிற பதத்தில் அதன் திடப்பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சியவை அசிடோன், பியூட்டைல் அசிடேட், டொலுயீன் முதலான ஆவியாகும் திரவங்கள். அவை பறந்துபோனதும் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றிடையே புதிய இரசாயனப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. ஆகையால் இத்திரவங்களின் கலவையான தின்னர் மறுபடியும் பட்டால் படலம் மறுபடியும் கரையும். பாலியுரித்தேனும் பாலியெஸ்டரும் வேறு ஜாதி. அவற்றில் இரண்டு பொருள்கள் கலந்த கணத்திலிருந்து மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்து, படலம் முழுவதும் ஒரே வலையாக இறுகிவிடுகின்றன. வெல்லப்பாகு உலர்ந்து கட்டியானால் நீரில் கரைத்துத் திரும்பப் பாகாக்கலாம். வெந்த முட்டையை எதில் கரைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது? பூச்சுகளைப் பற்றிய பெரும்பான்மை வாதங்கள் இந்த ஒரு பேதத்தில் அடங்கும் என்பது என் துணிபு.

லாக்கரின் குணமும் குற்றமும் அது திரும்பக் கரைவதிலிருந்தே எழுகின்றன. இன்று அடிக்கிற கோட்டின் கரைப்பான், நேற்று அடித்த கோட்டின் மேற்பரப்பை இளக்க, இரண்டும் எல்லை தெரியாமல் ஒன்றாகிவிடும்; பத்து ஆண்டுக்குப் பின் விழுந்த பள்ளத்திலும் சொட்டுச் சொட்டாகப் புது லாக்கரை விட்டு நிரப்பி, தேய்த்து மெருகேற்றினால், செப்பனிட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது அரிது. மறுபுறம், படலத்தில் சிக்கிய கரைப்பான் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டேயிருப்பதால், பூச்சு மெலிந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் அமிழ்கிறது. கண்ணாடிபோல் மெருகேற்றிய மேற்பரப்பில் சில மாதங்களில் மரத்தின் ரேகைப் பள்ளங்கள் மங்கலாகத் தோன்றுவது இதனால்தான். வெறும் நைட்ரோசெல்லுலோஸ் நொறுங்கும் தன்மையுடையது என்பதற்காக விளக்கெண்ணெய் முதலிய இளக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். காலப்போக்கில் அவையும் குறைய, படலம் வறண்டு, கடுங்குளிரிலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்த கிதாரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. இவ்வெடிப்புகளைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் மர இழைக்குக் குறுக்காகவே செல்வதைக் காணலாம். குளிரில் லாக்கர் சுருங்குகிற அளவோடு ஒப்பிட்டால் மரம் தன் இழையின் நீளவாக்கில் சுருங்குவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் திசையில் இழுப்பு மிகும்போது படலம் அதற்குக் குறுக்கே பிளக்கிறது. சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் அதன் மூலக்கூறுகளை உடைத்து மஞ்சளாக்குவதும் தவிர்க்க முடியாதது. 'ஒலிம்பிக் ஒயிட்' பூசிய பழைய கிதார்கள் பாலாடை நிறமாகவும், நீலக் கிதார்கள், நீலத்துக்குமேல் பூசிய நிறமற்ற லாக்கர் மஞ்சளானதால், பச்சையாகவும் காட்சியளிப்பதன் இரகசியம் இது. இம்மாற்றங்களை அழகென்று கொண்டாடுவோர் உண்டு. நானும் அந்தக் கட்சியே. ஆயினும் வாங்கிய நாளின் வெண்மை என்றும் மாறாதிருக்க வேண்டுமென்பவர் நைட்ரோ லாக்கரின் பக்கம் போகலாகாது.

பாலியுரித்தேனின் மூல இரசாயனத்தை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயரும் அவருடைய துணைவர்களும் கண்டார்கள். ஐசோசயனேட் என்ற பொருளும், கைநிறைய ஹைட்ராக்ஸில் தொகுதிகளைத் தாங்கிய வேறொரு பொருளும் சேர்ந்து வலையாகின்றன. பாலியெஸ்டரிலோ, கரைப்பானாக இருக்கிற ஸ்டைரீனே வினையில் கலந்து படலத்தின் அங்கமாகிவிடுவதால், பறந்துபோவது மிகச் சொற்பம். லாக்கரில் பல கோட்டுகளால் எய்துகிற கனத்தைப் பாலியெஸ்டர் ஓரிரு கோட்டில் எய்திவிடும். 1968 முதல் பெண்டர் தொழிற்சாலை இதைக் கைக்கொண்டதன் காரணம் வேலையின் வேகமும் படலத்தின் உறுதியும். அந்தக் காலத்துக் கிதார்கள் சிலவற்றில் பூச்சு கண்ணாடித் தகடுபோலத் தடித்திருக்கும். அடிபட்டால் தேயாமல் சில்லாகப் பெயர்ந்து விழும்.

இனி ஓயாத வழக்கொன்றைத் தொட வேண்டும். மெல்லிய லாக்கரில் மரம் 'சுவாசிக்கிறது', தடித்த பாலியில் நாதம் மூச்சுமுட்டுகிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்கிதார் உடலின் மேற்பரப்பு ஏறக்குறையக் கால் சதுர மீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள லாக்கர்ப் படலம் இருபத்தைந்து கன சென்டிமீட்டர் ஆகும். எடை சுமார் 30 கிராம். அரை மில்லிமீட்டர் பாலியெஸ்டரானால் 150 கிராம். மரத்தின் எடையோ இரண்டு கிலோகிராமை ஒட்டியது. ஒரே ஜாதி மரத்தில் கட்டைக்குக் கட்டை உள்ள எடை வித்தியாசமே இதைவிட அதிகம். ஒலிப்பெட்டியுள்ள கிதாரில், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமேயுள்ள மேற்பலகை தானே அதிர்ந்து காற்றை அசைக்க வேண்டியிருப்பதால், அங்கே பூச்சின் கனம் காதுக்கு எட்டுகிற விஷயம்தான். திண்ணிய கட்டையில் அதற்குள்ள இடம் மிகச் சிறிது. பூச்சைத் தேர்பவர் நாதத்தை நினைத்துத் தேர்வதைக் காட்டிலும், கைக்கு எவ்வாறு படுகிறது, எவ்வாறு முதுமை அடைகிறது என்பவற்றை நினைத்துத் தேர்வதே விவேகம். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரின் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வியர்வையும் உராய்வும் பூச்சின் பெரும்பகுதியைத் தின்று வெறும் மரத்தை வெளிக்காட்டிய பிறகும், அந்தக் கருவியின் நாதத்தைக் குறைசொன்னவர் இல்லை.

பழைய பூச்சு எது என்று அறிவதற்கு எளிய பரீட்சை உண்டு. கழுத்தைக் கழற்றி, அது பொருந்தியிருந்த குழியின் ஓரத்தில், அல்லது முன்தகட்டின் அடியில் மறைந்த இடத்தில், அசிடோன் தோய்த்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். உடனே பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் லாக்கர். சாராயத்துக்கே கரைந்தால் அவலரக்கு என்னும் பூச்சிப் பிசின். இரண்டுக்கும் அசையாமலிருந்தால் பாலி வகை. லாக்கரை வர்ணநீக்கியால் இளக்கி எடுக்கலாம். சூட்டுக் காற்றடிக்கும் கருவியை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள், அது எளிதில் தீப்பற்றும் பொருள். தடித்த பாலிக்கு வர்ணநீக்கி பெரும்பாலும் பலிப்பதில்லை. சூடேற்றித் தகடாகப் பெயர்ப்பதே வழி. பழைய வர்ணங்கள் சிலவற்றில் ஈயம் கலந்த நிறமிகள் உண்டாகையால், உலர்ந்த தூள் பறக்கும்படி தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது நல்லது. இங்கே ஒரு வேண்டுகோளும் விடுக்கிறேன். 1950களிலும் 60களிலும் செய்த கிதார் கைக்கு வந்து, அதன் பூச்சு தொழிற்சாலையில் இட்டதே என்று தெரிந்தால், அது எவ்வளவு சிதைந்திருந்தாலும் தொடாதீர்கள். அக்காலத்துப் பெண்டர் உடல்களின் முகத்தில், இருபுறமும் வர்ணமடித்து உலர்த்துவதற்காக அறைந்த ஆணிகளின் துளைகள் முன்தகட்டுக்கு அடியில் இருக்கும். துளையின் உள்ளே வர்ணம் இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதைக்கூட வைத்து அசலைத் தீர்மானிக்கிறார்கள். ஒருமுறை சுரண்டிவிட்டால் அச்சாட்சியம் திரும்பாது. கருவியின் விலையும் பெருமளவு விழும்.

மரத்தின் ஜாதி அடுத்த வேலையைத் தீர்மானிக்கிறது. ஆஷும் மஹாகனியும் திறந்த துளைகள் உடையவை. அவற்றில் துளைநிரப்பியைத் துணியால் அழுத்தித் தேய்த்து, குறுக்காக வழித்தெடுத்துக் காயவைக்காமல் பூசினால், எத்தனை கோட் அடித்தாலும் துளைகள் குழிகுழியாகத் தெரியும். ஆல்டர், மேப்பிள், பாஸ்வுட் ஆகியவற்றுக்குச் சீலர் மட்டும் போதும். ஆஷின் ரேகை கம்பீரமானது. அதை அடர்ந்த வர்ணத்தால் மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. பாஸ்வுட் ரேகையற்ற சாதாரண மரம். அதற்கு முழு வர்ணமே பொருத்தம்.

நிறமற்ற பூச்சு பட்டவுடன் மரம் ஆழ்ந்து ஒளிர்வதன் காரணத்தை ஒளியியல் சொல்லும். மர இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53, காற்றினுடையது 1. வெட்டுண்ட இழைகளுக்கிடையே காற்று நிற்கும்வரை ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறி, வெளிறிய தோற்றம் தரும். 1.5ஐ ஒட்டிய எண்ணுள்ள லாக்கரோ அரக்கோ அந்த இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் அடங்கி, ஒளி உள்ளே சென்று மரத்தின் நிறத்தை ஏந்திக்கொண்டு திரும்புகிறது. வழவழப்பும் இவ்வாறே அளவைப் பொறுத்தது. 320ஆம் எண் உப்புத்தாளின் மணி சுமார் 46 மைக்ரோமீட்டர், 2000ஆம் எண்ணின் மணி சுமார் 10. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஆதலால் மிக நுண்ணிய தாளில் தேய்த்தபின்னும் படலம் மங்கலாகவே நிற்க, அதற்கும் நுண்ணிய மெருகுப் பசையை இட்டுத் தேய்த்தால்தான் முகம் தெரியும்.

நிறம் கொடுப்பவை இரு வகை: கரையாத துகள்களான நிறமிகள், கரையும் சாயங்கள். சாயம் மரத்தின் ரேகையை மறைக்காமல் ஒளிரச் செய்யும். ஆனால் வெயிலுக்கு அஞ்சும். கிப்ஸன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் கிதார்களில், ஓரத்தில் சிவந்து நடுவே மஞ்சளாகும் பூச்சின் சிவப்புச் சாயம் ஒளியில் வெளுத்ததால், ஒன்று தேனிறம், ஒன்று தேயிலை நிறம், ஒன்று வெறும் எலுமிச்சை மஞ்சள் என்று ஆளுக்கொரு கோலம் கொண்டன. அவை இன்று உலகத்தின் மிக விலையுயர்ந்த கிதார்களில் சேர்ந்தவை. 1952இன் பொன்னிற லெஸ் பாலில் தங்கமாகத் தெரிந்தது வெண்கலத் தூள். முன்கை பட்டுப் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு களிம்பேறிப் பச்சை பூத்தது.

எதன்மேல் எதைப் பூசலாம் என்பதில் தவறுவோர் பலர். இரும்புக்கடையில் மலிவாகக் கிடைக்கும் எனாமல், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல வாங்கி இறுகுவது. மேலே தொட்டால் காய்ந்ததுபோலிருந்தும் உள்ளே வாரக்கணக்கில் மென்மையாகவே இருக்கும். அதன்மேல் லாக்கர் பட்டால் தின்னர் அதை இளக்கிச் சுருட்டிவிடும். கிதாருக்கு எனாமல் வேண்டாமென்பதே என் முடிவு. ஒத்துப்போகாத இரண்டு பூச்சுகளுக்கு நடுவே மெழுகு நீக்கிய அவலரக்கை ஒரு கோட் பூசுவது பழைய தொழிலாளிகள் கண்ட உபாயம். அது ஏறக்குறைய எதன்மேலும் ஒட்டும், அதன்மேல் ஏறக்குறைய எதுவும் ஒட்டும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர்க் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தே முழுக் கிதாருக்கும் மெருகூட்டலாம். காற்றோட்டமுள்ள இடமோ ஸ்பிரே கன்னோ இல்லாதவர், அழகிய ரேகையுள்ள மரத்துக்கு இதையோ எண்ணெய்ப் பூச்சையோ நாடுவது உத்தமம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்குமாதலால், விரித்துக் காயவைத்தோ நீரில் அமிழ்த்தியோ வைக்க வேண்டும்.

இரு பொருள் கலந்த பாலியுரித்தேனை வீட்டில் அடிக்கவே கூடாது. ஐசோசயனேட் துளிகள் சுவாசத்தில் புகுந்தால் சிலருக்கு உடல் அதை ஒருமுறை பகையாகக் கொண்டுவிடும். பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். குழாய் வழியே வெளிக்காற்று வரும் முகமூடியோடு வேலை செய்கிற கார்ப் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடிப்பித்துக்கொள்வதே முறை. மேடைதோறும் சுமந்து செல்கிற, அடிபடுகிற கிதாருக்கு அதுதான் தகுந்த பூச்சும்கூட. லாக்கரும் நிரபாயமானதன்று: அதன் ஆவிக்குக் கைக்குட்டை எவ்வகையிலும் காப்பாகாது, கரி வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும், அறையில் தீயோ மின்பொறியோ இருத்தலாகாது.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் லாக்கர் அடித்தவருக்குப் படலம் வெள்ளை பூப்பது தெரிந்த சங்கதி. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்ல, பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றின் நீராவி அதன்மேல் பனித்துப் படலத்துக்குள் அகப்படுகிறது. அந்த நுண்ணிய துளிகளும் வெற்றிடங்களும் ஒளியைச் சிதறடிக்கின்றன. மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சிறிது கலந்தால், நீர் வெளியேற அவகாசம் கிடைத்து வெண்மை மறையும். ஏற்கெனவே பூத்துவிட்டதானாலும், உலர்ந்த நாளில் அத்தகைய தின்னரை மெல்லியதாக ஒருமுறை தெளித்தால் லாக்கர் இளகித் தெளிந்துகொள்ளும். பாலியில் இந்தச் சலுகை கிடையாது. தேய்த்து மறுபடி அடிப்பது ஒன்றே வழி.

கழுத்துக் குழியை மூடிவைத்து, கோட்டுக்குக் கோட்டு ஒரு மணி நேரமாவது விட்டு, நாளொன்றுக்கு மூன்று கோட்டுக்கு மேற்படாமல் லாக்கரை முடித்தபின், ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். மூக்கை வைத்து மோந்தால் தின்னர் வாசனை அடங்கியிருப்பது, உட்புறமும் உலர்ந்ததற்கு நம்பத்தக்க அடையாளம். அதன்பின் 800இலிருந்து 2000 வரை நனைத்துத் தேய்த்து மெருகேற்றலாம். மெருகேற்றிய கிதாரை ரப்பர் உறையிட்ட தாங்கியில் நேராகச் சார்த்தி வைக்காதீர்கள்: ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் மென்மையாக்குவதற்கென்று சேர்த்த பொருள்கள் லாக்கருக்குள் ஊர்ந்து புகுந்து அதை இளக்கி, தொட்ட இடத்தில் அழியாத தழும்பிடும். தாங்கியின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் போதும்.